ஒருவர் பேசினால் போதும்

கால்வாய்க்கு இந்தப் பக்கம் வீடுகள். அந்தப் பக்கம் கடைகள், பேருந்து நிறுத்தம், மருந்தகம். நடுவில் ஓடியதைத் தண்ணீர் என்று சொன்னால் தண்ணீர் கோபித்துக்கொள்ளும். குறுக்கே கிடந்த பழைய இரும்புக் குழாயின் மேல் இளவட்டங்கள் கைகளை விரித்துக்கொண்டு நடந்து போய்விடுவார்கள். மற்றவர்கள் பெரிய சாலைவரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

இங்கே ஒரு நடைபாலம் வேண்டும் என்று முதலில் கிளம்பியவர் மீட்டர். மின்வாரியத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். வேலை போன பிறகும் அந்தப் பட்டப்பெயர் போகவில்லை. ஊருக்காகக் கேட்கிறார் என்று எல்லோரும் மெச்சினார்கள். உண்மையில் அவர் கேட்டது தன் அக்காவுக்காக. அக்கா அந்தப் பக்கத்துத் தையல் கடையில் வெகுகாலமாக வேலை பார்த்தவள். குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடது முழங்கால் மடங்குவதில்லை. மோட்டார் வைத்த மெஷினுக்கு வலது கால் போதும். சமதரையில் கைத்தடியோடு நடந்துவிடுவாள். ஆனால் சுற்றுவழி அவளால் ஆகாத தூரம். கடைக்கார அம்மாள், அக்கா வரும்வரை அவளுடைய நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கப் போவதில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். எத்தனை நாளைக்குத் தாங்கும் வாக்கு அது என்பதுதான் அக்காவின் கவலை.

முதல் தடவை அதிகாரி ஒருவர் வந்தபோது தெருவே திரண்டது. திரண்டது மட்டுமா, ஆளுக்கொரு பக்கம் பேசியது. சலூன்காரர் தெருவிளக்கைப் பற்றி ஆரம்பித்தார். ஒருவர் நாய்த் தொல்லை என்றார். இன்னொருவர் பக்கத்து வீட்டுச் சாக்கடைக் குழாயை இழுத்தார், பக்கத்து வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அதிகாரி, முதலில் உங்களுக்குள் பேசி முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பாலம் கேட்கப் போய் நாய்க்கு மனுக் கொடுத்துவிட்டு வந்தோம் என்று சலூன்காரர் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். மீட்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கினார். எந்த வீட்டில் எந்த மூலையில் மீட்டர் பெட்டி இருக்கிறது என்று தெரிந்தவருக்கு, எந்த வீட்டில் யாரிடம் பேசினால் காரியம் ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. எல்லோரும் வர வேண்டும், வரிசையாக நிற்க வேண்டும், ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் அவருடைய ஏற்பாடு. எங்களையே கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள்.

“என்னைப் பாருங்க. ஒருத்தர் பேசினாப் போதும்.”

அக்காவிடமும் அதையே சொன்னார். என்னடா, ஊர் வாய்க்கெல்லாம் பூட்டுப் போடுகிறாயே என்று அவள் கேலி செய்தாள். எல்லாம் உனக்காகத்தான் என்றார் அவர்.

இரண்டாவது தடவை வந்தது ஓர் இளம் பொறியாளர்ப் பெண். பள்ளிக்கூடத்துப் புகைப்படத்துக்கு நிற்பது போல் நின்ற கூட்டத்தைப் பார்த்து அவளுக்கே மலைப்பு. அளவெடுத்து முடித்ததும் விளக்கினாள். படி வைத்த பாலம் என்றால் இருக்கிற இடம் போதும், சீக்கிரம் முடிந்துவிடும். சரிவுப் பாதை வைப்பதென்றால் கரையை ஒட்டிய கிடங்கின் சுவரைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், கிடங்குக்காரர் சம்மதிக்க வேண்டும், கொஞ்சம் இழுக்கும். பிறகு, முன்வரிசையில் கைத்தடியோடு நின்ற அக்காவைப் பார்த்தாள்.

“உங்களுக்கு எதும்மா வசதி?”

அக்காவின் உதடு பிரிந்தது. அவள் தம்பியைப் பார்த்தாள்.

இழுக்கும் என்ற சொல் மீட்டருக்குப் பிடிக்கவில்லை. இழுத்த காரியங்கள் அலுவலகத்தில் என்ன கதியாகின்றன என்று வேலைக்காலம் முழுக்கப் பார்த்தவர் அவர். அவர் வீட்டு வாசலில் இருக்கும் இரண்டு படிகளை அக்கா ஏறி வருகிறாள். கைப்பிடி வைத்துவிட்டால் இதையும் ஏறிவிடுவாள் என்று தானே முடிவு கட்டினார். அந்த இரண்டு படிக்கும் தன் மனைவி அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுவது அவருக்குத் தெரியாது.

“படியே போதும் மேடம். எல்லாருக்கும் சம்மதம்.”

பொறியாளர் கூட்டத்தைப் பார்த்தாள். எல்லாத் தலைகளும் ஆடின. அக்காவின் தலையும் ஆடியது.

சொன்னபடியே பாலம் சீக்கிரம் வந்தது. திறந்த அன்று காலையில் அக்கா சாப்பாட்டு டப்பாவும் கத்தரிக்கோலும் வைத்த பையோடு வந்து நின்றாள். முதல் படியில் வலது காலை வைத்து, கைப்பிடியை இறுகப் பிடித்து, இடது காலைப் பக்கவாட்டில் இழுத்தாள். வரவில்லை. மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை, அவளாகவே ஒதுங்கி, நீங்கள் போங்கள் என்று கையைக் காட்டினாள்.

மீட்டர் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தார்.

“ஏன்க்கா, அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீதானேடா பேச வேண்டாம்னே.” அவள் குரலில் கோபமே இல்லை. “அந்தப் பொண்ணு நல்லாத்தான் கேட்டா. வாய் வரைக்கும் வந்துச்சு. அத்தனை பேரும் அடக்கமா நிக்கறாங்க, நான் ஒருத்தி கெடுக்கணுமான்னு முழுங்கிட்டேன்.”

மறுநாளே மீட்டர் அலுவலகத்துக்கு ஓடினார். பொறியாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிற்பாடு சரிவுப் பாதை சேர்க்க வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் ஒருவர் வந்து கேட்டால் அது ஒருவருடைய கோரிக்கைதான், தெருவே கேட்க வேண்டும் என்றாள்.

அவர் மறுபடியும் வீடு வீடாகப் படியேறினார். எல்லா வீட்டிலும் மரியாதைக்குக் குறைவில்லை. அக்காவுக்காக வருத்தப்பட்டார்கள். ஆனால் கூட்டம் என்றதும், நீங்களே போய்ப் பேசிவிடுங்கள் என்றார்கள். சலூன்காரர் ஒரு வாடிக்கையாளரின் தலையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

“போன தடவை நீங்க ஒருத்தர் பேசித்தானே சார் பாலம் வந்துச்சு? நாங்க வந்து என்ன கிழிக்கப் போறோம்?”

அதில் கிண்டல் இருந்திருந்தால் மீட்டர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். சலூன்காரர் மனதாரத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். இந்தத் தடவை நான் பேச மாட்டேன், ஒவ்வொருவரும் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று மீட்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் அவரையே பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். சலூன்காரர் தணிந்த குரலில், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். அந்தச் சில கையெழுத்துகள் தெருவின் கோரிக்கை ஆகவில்லை.

கடைக்கார அம்மாள் அதற்குமேல் காத்திருக்க முடியாமல் நாற்காலியில் வேறு பெண்ணை உட்கார வைத்தாள். மனசு கேட்காமல், பொத்தான் தைப்பது, ஓரம் அடிப்பது போன்ற கைவேலையை அக்காவுக்கு அனுப்பி வைத்தாள். துணி மூட்டை பாலத்தில் ஏறி இந்தப் பக்கம் வரும். முடிந்ததும் அந்தப் பக்கம் போகும். கொண்டு போய்க் கொடுப்பது மீட்டர்தான்.

அப்படி ஒரு நாள் மூட்டைக்காகக் காத்திருந்தபோது அவர் சொன்னார்:

“அக்கா, நீயே வந்து அந்த மேடம்கிட்ட பேசு. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

அவள் கடைசிப் பொத்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“ஆபீஸ் எத்தனாவது மாடிடா?”

“ரெண்டாவது.”

“லிஃப்ட்?”

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். அவள் சட்டைகளை மடித்து மூட்டையாகக் கட்டி அவரிடம் நீட்டினாள்.