நாலாம் நம்பர்

அந்த ஏழு பெண்களும் விருத்தாசலத்தில் கல்லூரிக் கபடி அணியில் ஒன்றாக ஆடியவர்கள். படிப்பு முடிந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. கல்யாணம், வேலை என்று ஆளுக்கொரு ஊராகப் போன பிறகும் அணி கலையவில்லை என்றால், அதற்குக் கேப்டன் வேல்விழியின் பிடிவாதம்தான் காரணம். ஆட்டம் தொடங்கும் முன்னால் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொருத்தியாகத் தன் நம்பரைச் சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்பவள் சொல்லாமல் அடுத்தவள் வாய் திறக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு சட்டம் போட்டிருந்தாள். இப்போது அதையே வாட்ஸ்அப் குரூப்பில் நடத்தினாள். தினமும் காலை ஆறு மணிக்கு ஒன்று வரும், இரண்டு வரும், வேல்விழி மூன்று போடுவாள். நாலு, தென்றல். அவள் போடாமல் ஐந்தாம் நம்பர் ஆண்டாள் போட மாட்டாள். ஆறும் ஏழும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். பிள்ளை பெற்ற மறுநாளே ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு ஒருத்தி நம்பர் போட்டிருக்கிறாள். கேட்பவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். தோன்றிவிட்டுப் போகட்டும்.

தென்றல் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தாள். ஜம்மு பக்கம் போஸ்டிங். சண்டை மூளப் போகிறது என்று டிவியில் கத்த ஆரம்பித்த வாரத்தில் வேல்விழிக்குப் போன் செய்தாள்.

"போனை வாங்கி வச்சிப்பாங்கடி. ஒரு நாளு, ரெண்டு நாளு நம்பர் வரலைன்னா பயப்படாதீங்க."

"மூணாவது நாளும் வரலைன்னா?"

தென்றல் "அம்மாவப் போயிப் பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சண்டை தொடங்கியது. முதல் நாள் குரூப் மூன்றோடு நின்றது. இரண்டாம் நாளும் மூன்றோடு நின்றது. யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதினால் எதை எழுதுவது? வேல்விழி டிவியைப் போடுவாள், குண்டு விழுந்த ஊர்ப் பெயர்களைக் கேட்பாள், பயந்துபோய் அணைப்பாள், ஐந்து நிமிஷத்தில் மறுபடி போடுவாள். தென்றல் இருக்கும் இடத்தின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. அதனால் டிவியில் சொன்ன எல்லா ஊரிலும் தென்றல் இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை ஏழே முக்காலுக்கு வேல்விழி செராமிக் கம்பெனி வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அச்சுகளில் களிமண் கூழை ஊற்றிப் பொம்மை எடுப்பது அவள் வேலை. உள்ளே போனால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் போனைத் தொட முடியாது. குரூப்பில் கடைசியாக இருந்தது அவள் போட்ட மூன்றுதான். இனிமேல் என்றைக்குமே மூன்றோடுதான் நிற்குமோ என்று நினைத்தாள். தென்றல் வரும் வரைக்கும் அவள் இடத்தை நாம் பிடித்து வைப்போமே என்று தோன்றியது. யோசிக்காமல் 4 என்று தட்டி அனுப்பிவிட்டாள். இது நான் போட்டது என்று அடுத்த வரி எழுதுவதற்குள் மணி அடித்தது. சூப்பர்வைசர் பச்சமுத்து கேட் பக்கத்தில் நின்று முறைத்தார். போன் பைக்குள் போய்விட்டது.

ஒரே ஆள் அடுத்தடுத்துப் போட்டால் வாட்ஸ்அப்பில் பெயர் மேலே ஒரு தடவைதான் வரும். நாலுக்கு மேல் பெயர் இல்லை. ஆண்டாள் சென்னையில் நர்ஸ். டூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவள் நாலைப் பார்த்தாள். யார் போட்டது என்று பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நாலாம் நம்பரை வேறொருத்தி தொடுவாள் என்று அந்த ஏழு பேரில் எவள்தான் நினைப்பாள்?

பகல் ஒரு மணிக்கு வேல்விழி போனை எடுத்தபோது ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் வந்திருந்தன. கீழே ஆண்டாள் எழுதியிருந்தாள்: "ஆராயி அம்மாவுக்கும் போன் பண்ணி சொல்லிட்டேண்டி. அழுவுறாங்க."

ஆராயி, தென்றலின் அம்மா. மகளிடமிருந்து சேதி வரும் வரைக்கும் சோறு தின்ன மாட்டேன் என்று மூன்று நாளாக வெறும் டீயில் இருந்தவள். இதைப் போனில் சொல்ல முடியுமா? வேல்விழி அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆராயியின் ஊரான கம்மாபுரத்துக்குப் பஸ் பிடித்தாள். தென்றலுக்கு ஏதாவது ஆகியிருந்து, அந்தச் சேதி தனக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனாள்.

ஆராயி தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சோறு பாதி தீர்ந்திருந்தது. வேல்விழியைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா பாப்பா. நல்ல நேரத்துல வந்த. ஒக்காரு, நீயும் ஒரு வாயி தின்னு."

வேல்விழி உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, அந்த நாலு தென்றல் போட்டது இல்லைங்க. நான் போட்டது."

ஆராயியின் கை சோற்றிலேயே நின்றது.

"நீ எதுக்குப் போட்ட?"

"அவ எடம் காலியா கெடந்துச்சு. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியலம்மா."

திட்டுவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தாள். ஆராயி தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவ எடத்துல நீ போயி நின்னுக்கிட்டா, அவ வந்தா எங்க நிப்பா?"

வேல்விழி போனைக் கையில் எடுத்ததும் ஆராயி சொன்னாள்.

"எடுத்துடு அந்த நால."

அழித்தாள். நாலை நான்தான் போட்டேன், தென்றல் போடவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று எழுதினாள். மூன்று தடவை திருத்திவிட்டுத்தான் அனுப்பினாள். சிறிது நேரத்தில் ஆண்டாள் தன் ஐந்தை அழித்தாள். அதற்குப் பிறகு ஆறு போனது. ஏழும் போனது. ஒருத்தியும் அவளைத் திட்டவில்லை. ஒருத்தியாவது திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

ஆராயிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. எட்டிப் பார்த்தாள்.

"இப்ப எத்தினி இருக்குது?"

"மூணும்மா."

ஆராயி எழுந்து கையைக் கழுவினாள். மீதிச் சோற்றின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள்.

"நாளைக்கும் ஆறு மணிக்குத்தான?"

"ஆமாங்க."

"வூட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிடு. இங்கயே படு. ஆண்டாளு போன் பண்றதுக்கு முன்னாடி மூணு நாளா எப்படியோ இருந்துட்டேன். இனிமே ஒண்டியா இருக்க எனக்குப் பயமா இருக்குது."