வலப்பக்க விளக்கு

சிலுவைராஜ் செய்த எச்சரிக்கைப் பலகையை அந்தக் காரைக்கால் ஆலையே மெச்சியது. கோவில்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலை. குளோரின் டாங்க் இரண்டில் எது கசிந்தாலும் அதற்குரிய சிவப்பு விளக்கு எரியும், மணி அலறும். வரைபடத்தில் உள்ளபடியே கிழக்கு டாங்குக்கு வலப்பக்கம், மேற்குக்கு இடப்பக்கம். காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் பலகையை மாட்டியது தெற்குச் சுவரில். அதைப் பார்த்து நிற்கிறவனுக்கு வலக்கைப் பக்கம் மேற்கல்லவா? படித்த மண்டைக்கு அது உறைக்கவே இல்லை.

பலகையைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் குஞ்சிதபாதம் சுரக்குடிக்காரர். இடம், வலம் என்று பேசியே பழக்கமில்லை; கிழக்கென்றால் கீழண்டை, மேற்கென்றால் மேலண்டை, அவ்வளவுதான். இலையில் உப்பு வைப்பதானாலும் கீழண்டை ஓரமாக வை என்பார். விளக்கு முதன்முதலாக எரிந்தது அவர் கண்ணெதிரில்தான். வலப்பக்கம், அவர் கணக்கில் மேலண்டை விளக்கு, எரிந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஈஸ்ட் என்று இருந்தது. மணி காதைப் பிளக்கும்போது எவன் எழுத்துக்கூட்டிப் படிப்பான்? மேலண்டை டாங்க் கசிகிறது, கீழண்டைப் பக்கமாகப் போய் வால்வை அடை என்று டாங்குகளைப் பார்த்துக்கொள்ளும் காதர் பாட்சாவுக்கு போனில் சொன்னார். அந்த மனுஷன் நம்பிப் போய், கீழண்டையில் கசிந்துகொண்டிருந்த வாயுவுக்குள் நேரே நுழைந்தார். தூக்கி வந்தபோது மூச்சில்லை.

விசாரணைக்கு ஆள் வருவதற்குள் விளக்குகளின் வயரையும் பெயரையும் மாற்றிப் போடச் சொன்னார் மேனேஜர். யாரிடமும் மூச்சு விடக்கூடாது. இன்னொரு உயிர் போகக்கூடாதே என்று சிலுவைராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாற்றினார். அதுவும் பொய்யில்லை. ஆனால் அவசர அவசரமாக மாற்றியது வேலை போய்விடுமே என்றுதான். குஞ்சிதபாதத்தை மட்டும் மாட்டவிடக்கூடாது என்றும் நினைத்துக்கொண்டார். நினைப்புக்கு என்ன குறைச்சல்!

விசாரணையில் குஞ்சிதபாதம் மேலண்டை விளக்குதான் எரிந்தது என்று வலப்பக்கத்தைக் காட்டிச் சாதித்தார். அதிகாரி பலகையைக் காட்டினார். வலப்பக்கம் மேற்கு, கசிந்ததோ கிழக்கு டாங்க், அப்படியானால் இடப்பக்கம்தானே எரிந்திருக்கும் என்று பொறுமையாகவே கேட்டார். குஞ்சிதபாதம் வெயில் விழும் ஜன்னலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். எல்லாம் அதது இருக்கவேண்டிய திக்கில் இருந்தது. சிலுவைராஜ் உண்மையைச் சொல்லிவிட ஓரடி முன்னே வைத்தார். பக்கத்திலேயே மேனேஜர் நின்றிருந்தார்.

குஞ்சிதபாதத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. "எனக்குத்தான் புத்தி பெரண்டிருக்குங்க. பாட்சாவ நான்தான் அனுப்பிக் கொன்னுட்டேன்."

பிறகு சிலுவைராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க பலகையப் போயி சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க சார்."

"பரவால்லீங்க" என்றார் சிலுவைராஜ்.