வாரண்டில் இருந்த மாரியாயி

என் மனைவி பெயர் மாரியாயி. அடையாள அட்டையில் மாரியாயி த/பெ கன்னையா என்று இருக்கும். கிள்ளானில் ஒரு மருந்துக் கிடங்கில் பதினெட்டு வருடமாக வேலை. கிளினிக்குகளுக்குப் போகும் பெட்டிகளை அவள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லோரியில் ஏற்றுவார்கள். நானும் லோரி ஓட்டுகிறவன்தான். ஆனால் வேறு கம்பெனி, துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இழுப்பது. என் பெயர் பக்கிரிசாமி. நியாயமாக இதை அவள்தான் சொல்ல வேண்டும். கேட்டால், "நீங்களே சொல்லுங்க, எனக்கு வேல இருக்கு" என்கிறாள்.

நான்கு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீட்டு முன்னால் அடைத்துக் கிடந்த சாக்கடையைப் பற்றிப் புகார் கொடுக்க நகராண்மைக் கழக அலுவலகத்துக்குப் போனாள். எந்த ஊர்க் கழகம் என்று நான் சொல்லப்போவதில்லை. கவுண்டரில் இருந்த பெண் பெயரைக் கேட்டுக் கணினியில் தட்டினாள். தட்டிவிட்டு ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தவள், உட்காரச் சொல்லி உள்ளே எழுந்து போனாள். வந்தது இரண்டு அமலாக்க அதிகாரிகள். ஒருவர் கையில் தாள் இருந்தது. உரிமம் இல்லாமல் ரோட்டோரம் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை போட்டதற்குச் சம்மன், கோர்ட்டுக்கு வராததால் கைது வாரண்ட்.

"நான் கடையே போட்டதில்லையே. என் ஐசி நம்பரப் பாருங்க" என்று மலாயில் சொல்லியிருக்கிறாள். அட்டையை எடுத்து நீட்டியும் இருக்கிறாள். மூத்த அதிகாரி அதை வாங்கவில்லை. "பேர் இருக்கு, அப்பா பேர் இருக்கு, வேற என்ன வேணும்?" என்றாராம். அந்தக் கூடத்தில், வீட்டு வரி கட்ட வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் விலங்கு மாட்டினார்கள். வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் நின்றிருந்தார்.

அன்று முழுக்கவும் இரவும் லாக்கப்பில் இருந்தாள். அதைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது இரண்டே விஷயம். செருப்பை வாங்கி வைத்துக்கொண்டதால் சிமெண்டுத் தரையின் குளிர் காலில் ஏறியது. பக்கத்தில் இருந்த இந்தோனேசியப் பெண் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். எழுத்தர் அட்டை எண்ணை வாசித்தார், மாஜிஸ்திரேட் தாளைப் பார்த்தார், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆள் இவர் இல்லை. வெளியே கொண்டுவந்து விட்ட அதிகாரி, "வீட்டுக்குப் போலாம்" என்று சொல்லிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டார்.

நான் வாசலில் காத்திருந்தேன். காரில் ஏறியதும், "விட்டாங்கல்ல, அது போதும் மாரி. அவங்களோட நமக்கென்ன" என்றேன். வீடு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு சொன்னாள்:

"தப்பா புடிச்சிட்டோம்னு ஒரு வார்த்த ஒருத்தன் சொல்லலங்க. நான் கேஸ் போடப் போறேன்."

பிரிக்ஃபீல்ட்ஸில் இராமலிங்கம் என்று ஒரு வழக்கறிஞர். சனிக்கிழமை அவரிடம் போனோம். மாடியில் சின்ன அலுவலகம், கீழே பூக்கடை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மறைக்காமல் சொன்னார்: "கேஸ் நல்ல கேஸ்தான் அக்கா. ஆனா நான் எடுத்தா, உங்களுக்குக் கிடைக்கிறதவிட என் ஃபீஸ் கூட ஆயிடும். மனசு கேக்கல."

"அப்ப நானே போட முடியுமா?"

"சட்டப்படி முடியும். மூணு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா அவங்க லாயர் வச்சு வருவாங்க. ரொம்பக் கஷ்டம் லா."

"கஷ்டம்னா சரி. முடியாதுன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன்" என்றாள் மாரி.

அவள் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரை. ஆனால் மலாய் நன்றாக எழுதுவாள். வேலை முடிந்து வந்து, சமைத்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவாள். நூலகத்தில் பழைய தீர்ப்புகளைப் படியெடுத்து வந்து, புரியாத சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு அகராதியைப் புரட்டுவாள். கோர்ட்டில் மனுவைப் பதிவுசெய்யும் கவுண்டரில் அவள் மனு நான்கு முறை திரும்பியது. ஒரு முறை பக்க ஓரம் சரியில்லை, ஒரு முறை பத்திகளுக்கு எண் இல்லை, ஒரு முறை பிரதிவாதியின் பெயர் தப்பு, ஒரு முறை என்னவென்றே அவர்கள் சொல்லவில்லை. நானாக இருந்தால் இரண்டாவது முறையே தாளைக் கிழித்திருப்பேன். அவள் ஒவ்வொரு முறையும், "தெரிமா காசே, திருத்திக் கொண்டாரேன்" என்று நன்றி சொல்லிவிட்டு வருவாள். ஐந்தாவது முறை முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக, இவள் இதை முடிப்பாள் என்று எனக்குத் தோன்றியது.

கழகத்தின் வழக்கறிஞர் கெட்டிக்காரர். முதலில் வழக்கையே தள்ளுபடி செய்யக் கேட்டார்: அதிகாரிகள் செல்லுபடியாகும் வாரண்டின்படிதான், நல்லெண்ணத்தில்தான் நடந்துகொண்டார்கள் என்றார். நீதிபதி நடுவயது மலாய்க்கார அம்மா; கோர்ட்டில் அவரைப் 'புவான்' என்றுதான் கூப்பிட வேண்டும். மாரியைப் பார்த்து, "இதற்கு உங்கள் பதில்?" என்று கேட்டார்.

மாரி எழுந்து நின்றாள்.

"வாரண்ட் சரிதான் புவான். ஆள்தான் தப்பு" என்றாள்.

வேறு எதையும் சேர்க்கவில்லை. வழக்கு விசாரணைக்குப் போகட்டும் என்று நீதிபதி எழுதினார்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். அந்த வாரண்டைக் காட்டச் சொல்லி மாரி கேட்டபோது அவர்கள் கொடுத்தது ஒரு நகல். பெயர் தெரிந்தது, முகவரி தெரிந்தது. அடையாள அட்டை எண் இருந்த இடம் மட்டும் கறுப்பாக மை அப்பிக் கிடந்தது. எண் தெளிவாக இல்லாத நிலையில் பெயரை வைத்துப் பிடித்தது நியாயமான தவறுதான் என்று வாதம் வந்தது. அவர்களிடம் இருந்த அசல் எங்கோ தவறிவிட்டதாம்.

"அப்ப அந்த இன்னொரு மாரியாயியக் கண்டுபிடிக்கணும்" என்றாள்.

நகலில் இருந்த முகவரிக்குப் போனோம். பக்கத்து வீட்டுக்காரர்கள், அந்தப் பெண் ரவாங்குக்குக் குடிபோய் நாலு வருடமாகிறது என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ரவாங் போனோம். தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு குறைந்த விலை அடுக்குமாடி, மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது ஒல்லியான ஒரு பெண், நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். மாரி தன் பெயரையும் வாரண்ட் விஷயத்தையும் சொன்னதும் அவள் கதவைப் பாதி சாத்தினாள்.

"அக்கா, என்னையப் புடிச்சிக் குடுக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. தண்ணி குடு மொதல்ல, மூணு மாடி ஏறி வந்திருக்கோம்."

உட்கார்ந்து பேசினோம். அவளும் கன்னையா மகள்தான். புருஷன் போன பிறகு ரோட்டோரம் நாசி லெமாக் விற்றிருக்கிறாள். கடையை எடுக்கச் சொன்னதும் எடுத்துவிட்டாள். சம்மன் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது, இவள் கைக்கு வரவே இல்லை. தன் பெயரில் வாரண்ட் இருப்பதும், அதில் வேறொருத்தி உள்ளே போனதும் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அழுதாள். மாரியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். பாருங்கள், அத்தனை நாளில் மன்னிப்புக் கேட்ட முதல் ஆள், தப்பே செய்யாத அவள்தான்.

ரயிலில் திரும்பும்போது நான் சொன்னேன்: "இனி ஈசி லா. அவளுக்கு சப்பீனா குடுத்து சாட்சி சொல்ல வரச் சொல்லு. ரெண்டு பேர், ரெண்டு ஐசி. முடிஞ்சது கேஸ்."

"வந்தா வாசல்லயே புடிச்சிருவாங்க. வாரண்ட் அவ மேல உசுரோட இருக்கு."

"அது அவ கேஸ் மாரி. உன்னதில்ல."

ரயில் சுங்கை பூலோ தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "மாரியாயின்னு பேரு உள்ள ஒருத்தி ஏற்கெனவே ஒரு ராத்திரி உள்ள இருந்துட்டாங்க. போதும்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வருட உழைப்பை இப்படி விடுகிறாளே என்று இருந்தது. அன்று இரவு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட் கவுண்டருக்குப் போய், யார் பெயரையும் சொல்லாமல், வாரண்ட் இருக்கிற ஒருவர் தானாகவே வந்து நின்றால் என்ன ஆகும் என்று விசாரித்தாள். தானாக வந்தால் வழக்கை எடுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதம் போட்டு, வாரண்டை ரத்து செய்துவிடுவார்கள், பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும் என்றார்கள். ரவாங்குக்குப் போன் செய்தாள்.

"பயமா இருக்குக்கா."

"நானும் வரேன். ஜாமீனுக்கு ஆள் வேணும்னா எங்க வீட்டுக்காரர் நிப்பாரு."

என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாள். நான் லீவு போட்டேன்.

மூன்று பேரும் காலை எட்டரைக்கே போய் உட்கார்ந்தோம். பன்னிரண்டு மணி சுமாருக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். "மாரியாயி த/பெ கன்னையா" என்றதும் இரண்டு பேரும் எழுந்தார்கள். என் மனைவி சட்டென்று உட்கார்ந்துவிட்டாள், மற்றவள் மட்டும் முன்னே போனாள். நன்றாகவே பதில் சொன்னாள். சின்ன அபராதம், தவணையில் கட்டலாம் என்றார் மாஜிஸ்திரேட். வாரண்ட் ரத்து.

வெளியே வந்து அவள் கையெழுத்துப் போட்ட இடத்தில்தான் அது நடந்தது. ரத்து செய்ததற்கு அத்தாட்சியாக எழுத்தர் அவளுக்குக் கோர்ட் கோப்பிலிருந்த வாரண்டின் நகலை, முத்திரையோடு, கொடுத்தார். கோர்ட் கோப்பிலும் ஒரு பிரதி இருக்கும் என்று எங்களுக்கு அதுவரை தோன்றியதில்லை; இருந்ததோ சுத்தமான தாள். பெயர், தந்தை பெயர், அதற்குக் கீழே அட்டை எண்ணின் பன்னிரண்டு இலக்கமும் பளிச்சென்று அச்சாகி இருந்தன.

மாரி பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"ஏம்மா, இதுல ஒரு காப்பி நான் எடுத்துக்கட்டுமா? உனக்கு இஷ்டம் இல்லன்னா வேணாம்."

"என்னக்கா கேக்குறீங்க. இதையே வச்சுக்குங்க" என்று மாரி கையில் திணித்தாள்.

விசாரணையில் கழகத்தின் வழக்கறிஞர் அந்தத் தாளை ஏற்கக் கூடாது என்று எழுந்தார். கோர்ட்டின் சொந்தக் கோப்பில் இருக்கிற தாளை நான் எப்படி மறுப்பது என்று நீதிபதி கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

மூத்த அதிகாரி ஓய்வு பெற்றிருந்தார். எதைக் கேட்டாலும் ஞாபகமில்லை என்றார். இளைய அதிகாரியின் பெயர் ஹல்மி. முப்பது வயது இருக்கும். சாட்சிக் கூண்டில் நின்ற அவரை மாரி விசாரித்தாள். எல்லாம் மலாயில்தான், மரியாதையாக 'என்சிக்' போட்டு.

"நீங்கள் வந்தபோது வாரண்ட் யார் கையில் இருந்தது?"

"என் கையில்."

"அதில் எண் இருந்ததா?"

அவர் முத்திரை போட்ட தாளைப் பார்த்தார். "இருந்தது."

"நான் அட்டையை நீட்டினேனா?"

"நீட்டினீர்கள்."

"என்சிக் ஹல்மி, நான் மருந்துக் கிடங்கில் வேலை செய்கிறேன். ஒரே பெயரில் ஒரே நிறத்தில் நூறு பெட்டி வரும். ஒன்றில் குழந்தைக்கான அளவு, ஒன்றில் பெரியவர்களுக்கானது. நான் பெயரை மட்டும் பார்த்து அனுப்பினால் என்ன ஆகும்?"

வழக்கறிஞர் ஆட்சேபம் சொன்னார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, "கேள்வி எனக்குப் புரிகிறது, சாட்சி பதில் சொல்லட்டும்" என்றார்.

ஹல்மி, "யாராவது செத்துப்போகலாம்" என்றார். "நான் எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை."

மாரி குரலை உயர்த்தவில்லை. "வேறு கேள்வி இல்லை புவான்" என்று உட்கார்ந்தாள். அந்த நிமிடம் நான் எழுந்து நின்றிருக்கிறேன் போலிருக்கிறது, காவலர் வந்து தோளைத் தொட்டு உட்காரச் சொன்னார். முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். இவ்வளவு பெரிய ஆளோடு இருக்கிறோம் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது. கைது சட்டவிரோதம், கழகமும் இரண்டு அதிகாரிகளும் பொறுப்பு, நட்டஈடு தர வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் வந்த வாதி, வழக்கைக் கண்ணியமாகவும் தெளிவாகவும் நடத்தினார் என்று நீதிபதி ஒரு வரி எழுதியிருந்தார். அவர்கள் மேல்முறையீடு செய்யவில்லை.

தீர்ப்பு வந்த அன்று வெளி வராந்தாவில் ஹல்மி எங்களுக்காக நின்றிருந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். மாரியை மலாயில் அக்கா என்று கூப்பிட்டுப் பேசினார்.

"கக், என்னை மன்னிக்கணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும். மேல இருக்கிறவர் முன்னால எனக்குத் தைரியம் வரல."

"சாட்சி சொன்னப்ப அந்தத் தைரியம் வந்துச்சே. அதுக்குத் தெரிமா காசே" என்றாள் மாரி. பிறகு, "இப்ப அங்க எப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"நம்பர் பாக்காம யாரையும் தொடுறதில்ல. புதுசா வர்றவங்களுக்கும் அதான் சொல்றேன்."

சரி என்று தலையசைத்தாள். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். காரில் உட்கார்ந்து, பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது, தூங்கிப்போனாள். நாலு வருடத்தில் பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் எழுப்ப மனம் வரவில்லை. ஏர்கான் ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்காமல், அவள் தானாகக் கண் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.