நேர்ந்துவிட்ட முடி

சாதனாவின் காதுக்குப் பின்னால் கோலிக்குண்டு போல ஒரு கட்டி. தலை பின்னும்போது தனப்பிரியாவின் விரலில்தான் முதலில் தட்டுப்பட்டது.

சாதனா அவள் அண்ணன் மகள்; ஆறு வயது. பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி இடுப்பைத் தாண்டித் தொங்கியது. குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட முடி. கோயிலில் திருப்பணி இழுத்துக்கொண்டே போனது; கும்பாபிஷேகம் முடியாமல் மொட்டை கிடையாது. அதுவரை ஒரு முடிகூட வீணாக உதிரக் கூடாது என்பது அண்ணன் சிவக்குமாரின் சட்டம். பேன் சீப்பு போட்டால் முடி பிடுங்கிக்கொண்டு வருமாம். அதனால் பேன்கள் வாடகை கொடுக்காமல் சொகுசாகக் குடியிருந்தன.

அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் தனப்பிரியா. படித்தது நுண்ணுயிரியல். பேனின் உடம்பில் நோய்க்கிருமிகள் இருப்பதாக வகுப்பில் கேட்டது அரைகுறையாக நினைவிருந்தது. அந்த அரைகுறைதான் அவளைப் பயமுறுத்தியது. அண்ணி ஜோதிமணியோ, கழுத்தில் கட்டி வந்து செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரியை நினைத்து அழவே ஆரம்பித்துவிட்டாள்.

“முடிய வெட்டிப்போடுண்ணா. பேனு கிருமியச் சொமந்துட்டுத் திரியுது.”

“நாலெழுத்துப் படிச்சுப்போட்டாச் சாமியவே எதுத்துப் பேசுவியா? பேன் கடிச்சு எவன் செத்தான்?”

“செத்தாத்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவியா?”

சொன்ன பிறகுதான் தனப்பிரியாவுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. சிவக்குமார் முட்டை லோடு இறக்கிவிட்டு வந்த டெம்போவிலேயே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நாமக்கல்லுக்கு விட்டான்.

டாக்டரம்மா முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தார். பின்னந்தலையெங்கும் சீழ் பிடித்த புண்கள்.

“இது நெறிங்க. தலையில புண்ணு இருந்தா இப்படிக் கட்டும். மாத்திரைல அடங்கிரும். வத்தலைன்னா திரும்பக் கூட்டிட்டு வாங்க.”

“பெரிய வியாதி எதும் இல்லீங்களா?” என்று கேட்டான் சிவக்குமார்.

“இல்லீங்க.”

ஜோதிமணி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தனப்பிரியாவுக்கும் நிம்மதிதான். ஆனாலும் விட மனமில்லை.

“பேனு கிருமி பரப்பும்னு படிச்சிருக்கனுங்க.”

“பேன்ல கிருமி இருக்கறதக் கண்டுபிடிச்சிருக்காங்க. ஆனா தலைப்பேன் அத நமக்கு ஒட்டவைக்குதான்னு உறுதியாச் சொல்ல முடியலம்மா. இங்க வேலையக் காட்டுனது நகம். அரிப்புல சொறிஞ்சு புண்ணாயிருச்சு.”

“அப்ப முடிய வெட்டோணுங்களா?” என்றான் சிவக்குமார், தங்கையைப் பார்க்காமல்.

“வேண்டாம். மருந்து தேச்சு, பேன் சீப்பு போட்டு வாருங்க. நாலு முடி உதுந்தா உதுரட்டும். பாப்பா யாரு பக்கத்துல படுக்குது?”

“அத்தகிட்ட,” என்றாள் சாதனா.

டாக்டரம்மா தனப்பிரியாவின் தலையைக் குனிய வைத்துப் பார்த்தார். “உங்களுக்கும் சேத்தே மருந்து எழுதறேன்.”

“காலேஜுக்கெல்லாம் போயிட்டு வந்த பேனுங்க,” என்றான் சிவக்குமார்.

வேறு நாளாக இருந்தால் அவனைக் குதறியிருப்பாள். இன்றைக்குச் சிரிப்புதான் வந்தது, கூடவே அழுகையும்.

சாயங்காலம் சிவக்குமாரே பேன் சீப்போடு வாசலில் உட்கார்ந்தான். சீப்பில் சிக்கிய முடிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு மஞ்சள் துணியில் வைத்தான், சாமிக்கென்று. தனப்பிரியா துணி பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்குதுப்பா.”

“பொறு சாமி, முடிஞ்சுது.” மகளை எழுப்பிவிட்டுத் தங்கையைப் பார்த்தான். “வா புள்ள, உக்காரு. உன்ற தலைதான் அடுத்து.”