பெயர் எழுதிய பால்

நிரோஜா பால் பெட்டியின் மூலையைக் கத்தரித்து, ‘ஓட்ஸ் பால்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையோடு இருந்த கண்ணாடி ஜக்கில் ஊற்றினாள். பெட்டியின் மேல் புல் மேயும் பசுவின் படம் இருந்தது. ஊற்றி முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நெறைய ஊத்து தங்கச்சி. பாதி ஜக்கா ஈந்தா கேள்வி வரும்,” என்றார் இப்ஹாம். சீகிரியாவில் இருந்த அந்த ஹோட்டலின் காலைச் சாப்பாட்டு மண்டபம் அவர் பொறுப்பில் இருந்தது.

“இது பிழை இல்லையா நானா?” அண்ணன் முறை வைத்து அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

“நேத்தும் இதத்தானே வெச்சோம். யாராச்சும் ஒண்டு சென்னாங்களா? அந்த ஜெர்மன்காரம்மா ரெண்டு கோப்பி குடிச்சிட்டு நல்லாருக்குன்னு தலையாட்டிட்டுப் போச்சு. அவங்களுக்கு அது ஒரு ஸ்டைல். பேரு எழுதி வெச்சாப் போதும்.”

கொழும்பிலிருந்து வரவேண்டிய லொறி மழையில் எங்கோ நின்றுவிட்டது. ஓட்ஸ் பால், பாதாம் பால், சோயாப் பால் எல்லாம் அந்த லொறியில்தான் வரும். பாதாம் பாலும் சோயாப் பாலும் தீர்ந்தபோது அவற்றின் அட்டைகளை எடுத்துவிட்டார்கள். அதற்கே மனேஜர் எல்லோரையும் நிற்க வைத்து ஏசினார். இல்லை என்ற சொல்லே மேசைக்கு வரக்கூடாது என்று சிங்களத்தில் அவர் சொன்னபோது இப்ஹாமின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்ஸ் பாலும் தீர்ந்த அன்று இப்ஹாம் அட்டையை எடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான், மனிதர்கள் பாலை இத்தனை விதமாகக் குடிப்பார்கள் என்று நிரோஜாவுக்குத் தெரிந்தது. உயரமான வெள்ளைக்காரர்கள் சிலர் கட்டியான குளிர்பாலை, பெரிய கிளாஸில், வெறும் வயிற்றில் தண்ணீர்போலக் குடித்தார்கள். பிரெஞ்சுக்காரர்களில் சிலருக்குக் கோப்பியில் பால் விழுந்தாலே முகம் சுருங்கியது. கொழும்பிலிருந்து வருகிற குடும்பங்கள் பெட்டிப் பாலை மோந்து பார்த்துவிட்டு, தூளாக வருகிற பால்மா இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டன. இங்கே பால் தேநீர் என்றால் அது பால்மாவில்தான் என்று நாக்கு பழகிவிட்டது. ஒரு இந்தியக் கிழவர் பால் கொதித்து ஆடை படியும்வரை அடுப்புப் பக்கமே நின்று, அந்த ஆடையைக் கேட்டு, கரண்டியில் வாங்கித் தின்றார். ஓட்ஸ் பால்காரர்கள் அதிகம் பேசுவதில்லை. அட்டையைப் படித்துவிட்டு, அதை நம்பி ஊற்றிக்கொண்டு போவார்கள்.

நிரோஜா எந்தப் பாலும் குடிப்பதில்லை. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீதான். எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவளை விட்டுவிட்டுப் போவாள். அங்கே தகரக் கோப்பையில் பால்மாக் கரைசல் கொடுப்பார்கள். அது தொண்டைக்குள் இறங்கியதும் வயிறு புரண்டு வெளியே வரும். ஆயாம்மா அதைத் திமிர் என்பாள். மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். உடம்பு வேண்டாம் என்று சொல்வதை யாரும் நம்பாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நிரோஜாவுக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஜக்கைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தபோது கை கனத்தது. ஆனாலும் வைத்தாள். இப்ஹாம்தான் அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர். அவளுடைய இங்கிலீஷ் தடுக்கிற இடத்திலெல்லாம் பக்கத்தில் வந்து நின்று பேசி முடித்தவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கும் அவர்தான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சீகிரியாக் குன்றைப் பார்த்த கண்ணாடிச் சுவர் ஓரமாகவே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நிரோஜா அப்பம் சுடும் இடத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, முக்காடு போட்ட ஒரு பெண் வந்து நின்றாள்.

“தமிழா நீங்க?” அவள் முகம் மலர்ந்தது. “முட்டை அப்பம் ரெண்டு வேணும். ஒண்டு நல்லா வேக வையுங்க. மகளுக்கு.”

பெயர் நிஷ்மியா என்றாள். தெஹிவளையில் பிறந்து, இப்போது கணவனோடு மெல்பர்னில் இருக்கிறாளாம். மகள் முதல் முறையாக இலங்கைக்கு வந்திருக்கிறாளாம். பேசக் கிடைத்த சந்தோஷத்தில் பேசிக்கொண்டே போனாள்.

“போன எடமெல்லாம் சாப்பாட்டுக்குத்தான் பயம். ஸஹ்னாக்கு மாட்டுப்பால் ஒரு சொட்டும் ஆகாது. மூச்சு அடச்சிரும். நேத்து வந்ததுமே ரிசெப்ஷன்ல கேட்டேன், ஓட்ஸ் பால் ஈக்கின்னாங்க. அல்ஹம்துலில்லாஹ், அதோட மனசு ஆறிச்சு.”

ரிசெப்ஷனில் சொன்னது சமையலறைவரை வந்து சேரவில்லை. நிரோஜா பால் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். ஜக் வைத்த இடத்தில் ஈரமான வட்டம் மட்டும் இருந்தது.

தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். மண்டபத்தில் ஓடக்கூடாது என்பது சட்டம். கண்ணாடியோர மேசையில் ஒரு மனிதர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஜக். பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி, கிண்ணத்துச் சீரியலைக் கரண்டியில் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள். நிரோஜா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கரண்டி பறந்தது. கிண்ணம் கவிழ்ந்து, பால் மேசைவிரிப்பில் ஓடி அந்த மனிதரின் மடியில் சொட்டியது.

“ஏய்!” என்று அவர் எழுந்தார்.

சிறுமியின் மேலுதட்டில் பால் மீசை இருந்தது. முன்னமே தின்றிருக்கிறாள்.

சொல்வதற்காக நிரோஜா வாயைத் திறந்தாள். அதற்குள் இப்ஹாம் வந்து அவள் முழங்கையைப் பிடித்தார். “சொறி சேர், புதுப் புள்ள, வழுக்கிட்டா,” என்றார். பிடி இறுகியது. நிரோஜா வாயை மூடிக்கொண்டாள். நிஷ்மியா ஓடி வந்தாள்.

முதலில் சிறுமி கழுத்தைச் சொறிந்தாள். பிறகு காதுக்குக் கீழே சிவப்புத் தடிப்புகள் கிளம்பின. “உம்மா, கடிக்கிது,” என்றாள். நிஷ்மியா பையைத் திறந்து அரிப்புக்கான ஒரு சிரப் போத்தலை எடுத்தாள். பழக்கப்பட்ட கை.

“ராவெல்லாம் நுளம்பு கடிச்சது,” என்று கணவன் சொன்னார். “அதுவா ஈக்கும். ஓட்ஸ் பால்தானே குடிச்சா.”

நிஷ்மியா நிமிர்ந்து இப்ஹாமைப் பார்த்தாள். “இது ஓட்ஸ் பால்தானே?”

“ஓட்ஸ் பால்தான் மேடம்.”

சிறுமி இருமினாள். அந்த இருமலில் ஒரு சீழ்க்கைச் சத்தம் கலந்திருந்தது. கீழுதடு வெளியே தள்ளிக்கொண்டு வர, முகம் யாரோ வேறு பிள்ளையின் முகம்போல ஆனது. நிஷ்மியா சிரப்பை மூடியில் அளந்துகொண்டிருந்தாள்.

“இல்ல,” என்றாள் நிரோஜா. “ஓட்ஸ் பால் இல்ல. மாட்டுப்பால்.”

அவளுடைய குரல்தான். ஆனால் பக்கத்து மேசையிலிருந்து வந்ததுபோல அவளுக்குக் கேட்டது.

நிஷ்மியா அவளை ஒரு கணம் பார்த்தாள். சிரப்பைக் கீழே போட்டாள். பைக்குள்ளிருந்து தடித்த பேனா போன்ற அவசர ஊசியை எடுத்து மூடியைப் பல்லால் கழற்றி, மகளின் தொடையில் சட்டைக்கு மேலாகவே குத்தி அழுத்திப் பிடித்தாள். பிள்ளை வீறிட்டது. “அழு ராசாத்தி, நல்லா அழு,” என்றாள் நிஷ்மியா. “யாராச்சும் வாகனம் எடுங்க. இது போதாது, ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

மனேஜரே ஹோட்டல் வேனைக் கொண்டுவந்தார். தம்புள்ளைப் பாதையில் வேன் ஹோர்ன் அடித்துக்கொண்டே போகிற சத்தம், மழைக்குள் கேட்காமல் போகும்வரை கேட்டது.

மண்டபத்தில் ஒவ்வொரு கரண்டியாகச் சத்தம் திரும்பி வந்தது. அந்த ஜெர்மன்காரம்மா எழுந்து வந்து, பிள்ளைக்கு என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். கேட்டுக்கொண்டே தன் கோப்பியில் ஊற்ற, அந்த மேசையிலிருந்த ஜக்கை எடுத்தார். நிரோஜா அவர் கையிலிருந்து அதை வாங்கினாள். இது பசுவின் பால், நேற்றும் அதுதான், மன்னியுங்கள் என்று, தெரிந்த சொற்களைக் கொண்டு சொன்னாள். இந்த முறை பக்கத்தில் நின்று பேசி முடிக்க யாரும் வரவில்லை. அந்தப் பெண் தன் கோப்பையின் உள்ளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பாத்திரம் கழுவுமிடத்தில் நிரோஜா ஜக்கைக் கவிழ்த்தபோது இப்ஹாம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நெற்றியெல்லாம் வேர்வை.

“எனக்குத் தெரியாது நிரோஜா. அல்லாஹ் மேல ஆணையா, புள்ளக்கி இப்பிடி வரும்னு எனக்குத் தெரியாது.”

“தெரியும் நானா, உங்களுக்குத் தெரியாதுன்னு. ஆனா அந்தம்மா கேட்டப்ப அது மாட்டுப்பால்னு தெரியுமே.”

அவர் சுவரில் சாய்ந்தார். “பயந்துட்டேன்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மனேஜர் வந்து விசாரிப்பாரு. பெட்டி மாறிப்போச்சுன்னு செல்லு. தெரியாம ஊத்திட்டேன்னு செல்லு. நீ புதுசு, ஏசிட்டு விட்டுருவாங்க. என்னைய அனுப்பிருவாங்க. இந்த வயசுல இன்னொரு ஹோட்டல்ல என்னைய எவன் எடுப்பான்? ஊருல, பலாபத்வலையில, கட கடையா ஏறி வேல கேட்டுப் பழகினவன் இல்ல நான். இந்த வேலதான் எனக்குத் தெரியும்.”

“புள்ளைக்கு என்னாச்சுன்னு மொதல்ல தெரியட்டும் நானா.”

“அதுக்கப்புறம்?”

ஜக்கைத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். அந்தப் பிள்ளை இறந்துவிட்டால் தன் கையை என்ன செய்வது என்றுதான் அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னது அவர் வாய். ஊற்றியது இந்தக் கை. பெட்டியிலிருந்த பசுவைப் பார்த்துக்கொண்டே ஊற்றியது. பிள்ளைக் காம்பராவில் மூக்கைப் பிடித்த கையை இத்தனை வருடமும் அவள் வெறுத்துவந்தாள். அந்தக் கைக்கும் யாராவது ஏதாவது சொல்லித்தான் இருப்பார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசை போடும்போது ரிசெப்ஷனிலிருந்து செய்தி வந்தது. பிள்ளைக்கு மூச்சு சீராகிவிட்டதாம். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு விடுவார்களாம். இப்ஹாம் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குனிந்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். நிரோஜா அடுத்த மேசைக்குத் தட்டுகளை எடுத்துப்போனாள்.

பின்னேரம் நிஷ்மியாவும் கணவனும் பிள்ளையோடு திரும்பி வந்தது தங்குவதற்கு இல்லை. பெட்டிகளை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போக ஒரு வேனை வரவழைத்திருந்தார்கள். கணவன் யாரையும் பார்க்காமல் அறைக்குப் போனார். நிஷ்மியா தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரிசெப்ஷனில் நின்றாள். பிள்ளையின் இமைகள் இன்னும் வீங்கியிருந்தன. மனேஜர், யாரோ பெட்டியை மாற்றி எடுத்துவிட்டதாகத் தெரிகிறது என்று இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்ஹாம் அவர் பின்னால் நின்றார்.

நிஷ்மியா கையைக் காட்டி மனேஜரை நிறுத்தினாள். வாசலோரம் நின்ற நிரோஜாவைக் கண்டு கிட்ட வந்தாள்.

“பெட்டி மாறிச்சா?”

நிரோஜாவுக்கு இப்ஹாமின் முகம் தெரிந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

“மாறல மேடம். ஓட்ஸ் பால் முடிஞ்சிருச்சு. அதுக்குப் பதிலா இத வைக்கச் சொன்னாங்க. ஊத்தினது நான்தான். தெரிஞ்சேதான் ஊத்தினேன்.”

“ஆரு சொன்னது?”

நிரோஜா வாயைத் திறக்குமுன், “நான்,” என்றார் இப்ஹாம். தரையைப் பார்த்தபடியேதான் சொன்னார். மனேஜர் திரும்பினார்.

நிஷ்மியா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏசுவாள் என்று நிரோஜா காத்திருந்தாள். ஏசினால் நன்றாக இருக்கும்போல இருந்தது. “நீங்க செல்லாட்டி நான் சிரப்ப குடுத்துட்டு உக்காந்திருப்பேன்,” என்றாள் நிஷ்மியா. “அதுக்காக உங்களுக்கு நன்றி செல்லவும் எனக்கு முடியல.” மகளைத் தோளில் சரிசெய்துகொண்டு திரும்பினாள்.

வேன் படிகளுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. மழை வலுத்திருந்தது. இப்ஹாம் ஓடிப்போய் ஹோட்டலின் பெரிய குடையை விரித்து, அவளுடைய தலைக்கு மேல் பிடித்தார். எத்தனையோ வருடப் பழக்கம். கை தானாகவே செய்தது. நிஷ்மியா அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். தோளில் கிடந்த பிள்ளையின் காலில் மழை சிந்தியது. பிறகு அவள் குடைக்குள் நடந்தாள். அவர் முழுக் குடையையும் அவர்கள் பக்கம் சாய்த்துப் பிடித்ததால், அவருடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது.

பின்னாலிருந்து மனேஜர், “இரண்டு பேரும் என் அறைக்கு வாங்க,” என்று சிங்களத்தில் சொன்னார். நிரோஜா அசையவில்லை.

வேனுக்குள் நிஷ்மியா பிள்ளையை ஜன்னலோரம் மடியில் சாய்த்தாள். தூக்கத்தில் அதன் கன்னம் மூடிய கண்ணாடியில் அமுங்கியது. அதன் வாய்க்குப் பக்கத்தில், மூச்சு பட்டு, உள்ளங்கையளவு புகைபோல ஈரம் படிந்தது. சுருங்கி மறைந்தது. நிரோஜா அடுத்ததற்காகக் காத்திருந்தாள். மறுபடி படிந்தது.