தாயும் இருபது குட்டிகளும்

அந்த அலுவலகத்தில் இரண்டு வரிசை மேசைகள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் சொந்தமாக எழுதுகிறவர்கள். சுவர்ப் பக்கம் உட்கார்ந்தவர்கள், ஜன்னல்காரர்கள் எழுதியதை எடுத்துப் புரட்டிப்போட்டு உல்டா அடிக்கிறவர்கள். ஜன்னல் பக்கம் பிறப்பதற்குத் தாய் என்று பெயர், சுவர்ப் பக்கம் பிறப்பதற்குக் குட்டி. ஒரு தாய்க்கு இருபது குட்டி. தாய் போய் வாடிக்கையாளரின் இணையதளத்தில் கௌரவமாக உட்காரும். குட்டிகள், கண்டவரும் கட்டுரை போடலாம் என்று திறந்து கிடக்கிற தளங்களுக்குப் போய், கடைசி வரியில் அந்தக் கம்பெனிக்கு வழிகாட்டிக்கொண்டு நிற்கும். படிக்கிறவர் அந்த வழியைப் பிடித்துக் கடைக்கு வந்து சேரவேண்டும். இதுதான் தொழில்.

அவள் ஆறு வருஷமாகச் சுவர்ப் பக்கம். கையில் எது கிடைத்தாலும் தலையை வெட்டி வாலில் ஒட்டி, நடுவில் நாலு பத்தியைக் கலைத்துப்போட்டு, பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல் செய்துவிடுவாள். குட்டிகளுக்குப் போடுவதற்கென்று பொய்ப் பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பாதிப்பேர் டாக்டர்கள். இந்த ஆறு வருஷத்தில் அவள் எத்தனையோ டாக்டராக இருந்திருக்கிறாள். சொந்தப் பெயரில் ஒரு வரி வந்ததில்லை.

மேனேஜருக்கு அலுவலகம் வைத்த பெயர் பர்சன்ட். தலைவலி வந்தால்கூட எழுபது பர்சன்ட் என்று சொல்லுகிற மனிதர். அவளைவிடப் பத்து வயது சின்னவர். ஒருநாள் இரண்டு வரிசைக்கும் நடுவில் வந்து நின்றார்.

"காது மிஷின் கம்பெனி ஒண்ணு வந்திருக்கு. அனுபவப்பட்டவங்களே எழுதணுமாம். நிஜப் பேரு, நிஜ போட்டோ. யார் வீட்லயாவது காது கேக்காதவங்க இருக்காங்களா?"

அவள் கையைத் தூக்கினாள்.

"யாருக்கா?"

"என் வீட்டுக்காரர்."

"எத்தனை பர்சன்ட்?"

"நான் பேசினா நூறு பர்சன்ட் கேக்காது சார்."

இரண்டு வரிசையும் சிரித்தது. பர்சன்ட்டும் சிரித்தார். "எழுதுங்கக்கா. இது நல்லா போச்சுன்னா அந்த ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான்" என்றார். ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி இரண்டு மாதமாகக் காலியாக இருந்தது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்துபோகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் போவாள்.

நாலு நாள் எழுதினாள். கணவர் முப்பது வருஷம் தகடு அடிக்கும் மிஷின் முன்னால் நின்றவர். காது போய்விட்டது என்று சொன்னால் கோபம் வரும், "நீதான் வாய்க்குள்ளயே முணுமுணுக்கற" என்பார். பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒருவர் ஏதாவது ஜோக் சொன்னால், மற்றவர்கள் சிரிக்கிறவரை அவர் காத்திருப்பார். அப்புறம் அரை நொடி பிந்திச் சிரிப்பார். யாரும் இதைக் கவனித்ததில்லை, அவளைத் தவிர. அதை எழுதினாள். சொன்னதையே மூன்று தடவை சொல்ல அலுத்துப்போய், சின்னச் சின்னச் சேதிகளைச் சொல்லாமல் விட்டதை எழுதினாள். "காது போனது அவருக்கு, பேச்சு நின்றது எனக்கு" என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. எழுதிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதாள்.

அன்றைக்கு வீட்டில் கணவரின் எதிரே போய் நின்று, வாய் தெரிகிற மாதிரிச் சொன்னாள். "காது மிஷின் கம்பெனில என் பேர் போட்டு ஒண்ணு வரப்போகுது. வந்ததும் படிச்சுப் பாருங்க."

"ஊரான் எழுதினதப் பொரட்டிப் போடற வேலைதானே. அதுக்குப் பேரு வேறயா?"

"இது நானே எழுதினது."

"வரட்டும், பாக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய விஷயம்.

தாய் ஏறி ஒரு வாரம் ஆனபிறகே குட்டிகளை அவிழ்த்துவிட வேண்டும் என்பது அலுவலகத்தின் ஒரே சட்டம். தேடுபொறி முதலில் எதைப் பார்க்கிறதோ அதுதான் அதற்கு அசல். ஆனால் அந்த நாலு நாளில் அவளுடைய மாதக் கணக்கில் இருபது குட்டி குறைந்திருந்தது. மறுநாள் மாதக் கடைசி. வேறு தாய் எதுவும் கைவசம் இல்லை. தாய் எப்போது ஏறும் என்று காது மிஷின் கம்பெனியில் கேட்டாள். "நாளைக்குப் போட்டுடறோம்" என்றார்கள். நாளைக்கு ஏறப்போகிறதுதானே, ஒருநாள் முன்னே பின்னே போனால் குடியா முழுகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, தான் பெற்றதையே எடுத்துக் குட்டிபோட உட்கார்ந்தாள்.

கை ஓடவில்லை. ஊரார் எழுதியதைக் கண்ணைச் சிமிட்டாமல் வெட்டுகிறவள், இதில் எந்த வரியில் கைவைத்தாலும் மனசு கேட்கவில்லை. கடைசியில் தலைப்பை மாற்றி, முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் கொஞ்சம் கலைத்து, நடுவை அப்படியே விட்டுவிட்டாள். இருபதுக்கும் பட்டியலிலிருந்து இருபது பெயர் போட்டு அனுப்பினாள். கணக்கு நேராகிவிட்டது.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. கட்டுரையோடு போட அனுப்பிய அடையாள அட்டைப் படம் தெளிவாக இல்லை, வேறு அனுப்புங்கள் என்றார்கள். ஃபோனிலேயே ஒன்று எடுத்து அனுப்பியிருக்கலாம். முதல் தடவையாகப் பெயர் வருகிறது, முகம் பார்க்கிற மாதிரி இருக்கவேண்டாமா? நல்ல புடவையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி, ஸ்டூடியோவில் எடுத்து, கண்ணுக்குக் கீழே கறுப்பை நீக்கச் சொல்லி, படம் கைக்கு வர நாலு நாள் ஆயிற்று.

ஐந்தாம் நாள் பர்சன்ட் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அக்கா, போடறதுக்கு முன்னாடி செக் பண்ணியிருக்காங்க. தொண்ணூத்தி மூணு பர்சன்ட் காப்பின்னு வருது. இருபது இடத்துல ஏற்கெனவே இருக்காம். எவனோ டாக்டர் எழுதினத நீங்க உங்க பேர்ல குடுத்துட்டீங்கன்னு நெனைக்கறாங்க."

"சார், அந்த டாக்டர் நான்தான் சார்."

"எனக்குத் தெரியாதா? நம்ம பட்டியல்தானே."

"அப்ப அதச் சொல்லுங்க சார்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "எப்படிக்கா சொல்றது? எல்லாமே புதுசு, உல்டாவே கிடையாதுன்னு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். குட்டியும் நம்மளதுன்னு சொன்னா மொத்தமும் நாறிடும். ஒருத்தர் தெரியாம செஞ்சுட்டாங்கன்னா அதோட முடிஞ்சுடும்."

"நான் காப்பி அடிக்கலயே சார்."

"வேலை போகாதுக்கா, நான் பாத்துக்கறேன். ஜன்னல் சீட்டு மட்டும் இனிமே கேக்காதீங்க." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "போன வருஷம் ஒரு பையன் எழுதிக் குடுத்த மன்னிப்புக் கடிதம். பேரையும் தேதியையும் மாத்திக் குடுத்தா போதும்."

தாளைக் கசக்கி அந்த ஆள் முகத்தில் எறிந்திருக்கவேண்டும். எறியவில்லை. ஆறு வருஷப் பழக்கம், கை தானாகப் பேரையும் தேதியையும் மாற்றியது. கீழே அவளுடைய பெயர் முழுசாக, தெளிவாக வந்திருந்தது. எழுதியதன் கீழே அந்த அலுவலகத்தில் அவள் பெயர் வந்தது அது ஒன்றில்தான்.

வீட்டுக்குப் போய், "அது வராது. காப்பின்னு சொல்லிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். மேலே விளக்க வாய் வரவில்லை. கணவர், எனக்குத் தெரியும் என்கிற மாதிரித் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைத் துடைக்கப் போனார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஃபோனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நாளாக அவளுக்குத் தெரியாமல் காதைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இதப் பாரேன். ஒரு டாக்டர் எழுதியிருக்காரு. அப்படியே நம்ம கதை." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "காது போனது அவருக்கு, பேச்சு நின்றது எனக்கு." படித்துவிட்டு நிறுத்தினார். "என்னமா எழுதியிருக்கான். நீ காதப் பத்திச் சொன்னது சும்மா இல்லன்னு இதப் படிச்சப்புறம்தான் புரியுது. நாளைக்கே போய் மிஷின் பாத்துட்டு வந்துடலாம்."

அவள் மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். மூன்று வருஷம் கெஞ்சி நடக்காதது.

"இதைத்தான் காப்பி அடிச்சியா?" என்று கேட்டார். கோபமில்லாமல்தான் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு, யாருக்கும் ஆசை வரும். ஆனா அந்த மனுஷன் எழுதினத நம்ம பேர்ல போடலாமா, தப்பில்ல?"

"அது நான் எழுதினதுங்க" என்றாள். "அந்த டாக்டரும் நான்தான்."

அவர் கண் ஃபோனிலேயே இருந்தது, அவள் வாயைப் பார்க்கவில்லை. அவள் ஏதோ சொல்லி முடித்துவிட்டாள் என்பது மட்டும் தெரிந்து நிமிர்ந்தார். அரை நொடி பிந்திச் சிரித்தார்.