பஜனை மடத்து மீன்

பட்டாபிராமைத் தாண்டி ஏரிக்கரைக்குப் போகிற வழியில் ஒரு பஜனை மடம் இருந்தது. அங்கிருந்த படத்தைக் கும்பிட ஏகாதசி தவறாமல் சென்ட்ரலிலிருந்து ரயிலேறி ஜனம் வரும். மச்சாவதாரப் படம்தான், ஊர் உலகத்தில் இல்லாததா என்று கேட்பீர்கள். ஆனால் இந்தப் பெருமாள் மீன் வாயைத் திறந்திருக்கும். குட்டிக் குட்டி மீன்கள் கூட்டமாக அந்த வாய்க்குள் நுழைந்துகொண்டிருக்கும். பிரளயத்தில் உயிர்களைத் தன் வாயிலேயே வைத்துக் காப்பாற்றினார் என்று விளக்கம் சொல்வார்கள். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

நாகம்மாளும் கேட்டவள்தான். அவள் மகள் கஸ்தூரிக்கு மூன்று முறை கலைந்து போனது. நாலாவது முறை மடத்து வாசலில் நின்று நாகம்மாள் வேண்டிக்கொண்டாள், பேத்தி பிறந்தாள். இப்போது அதற்கு நாலு வயது, வாய் ஓயாத வாயாடி. வாசலில் நின்று என்று சொன்னேன் அல்லவா, அதற்குக் காரணம் உண்டு. நாகம்மாள் மீன் விற்கிறவள். கவிச்சி என்று அவளையும் ஏரிக்கரைக் குடிசைக்காரர்களையும் மடத்துக்குள் விடுவதில்லை. அவள் வாசலிலிருந்து கண்டதெல்லாம் கண்ணாடிச் சட்டமும் அதற்குள் கொஞ்சம் தங்க மினுமினுப்பும்தான்.

அப்படி வேண்டிக்கொண்ட பெருமாளே அவள் வீட்டை இடிக்க வந்து நின்றார், என்ன சொல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மடத்தின் பழைய சுவரை இடித்தபோது உள்ளிருந்து கிடைத்ததாம் அந்தப் படம். அதன் அடியில் எழுத்து இருந்தது: 1891ஆம் வருஷம், இந்தச் சித்திரத்தோடு ஏரிக்கரை மேட்டு நிலமும் மடத்துக்குத் தானம். அந்த மேட்டில்தான் இருபத்து மூன்று குடிசைகள். பக்கத்து வயல்களில் மனைக் கற்கள் நட்டாகிவிட்டது, மேட்டுக்கும் விலை ஏறிவிட்டது. மடத்து தர்மகர்த்தா பார்த்தசாரதி விசாரணைக்கு மனுப் போட்டார். அவர் பக்கம் தீர்ப்பானால் வெள்ளிக்கிழமையே குடிசைகளைப் பிரிக்க வேண்டும் என்று பேச்சு. 1891க்கு எதிரே நீட்ட நாகம்மாளிடம் ஒரு ரேஷன் கார்டுதான் இருந்தது.

1988 மாசி மாதம் அதிகாரி மனோகரன் ஜீப்பில் வந்து இறங்கி, படத்துக்குக் கீழேயே மேஜை போட்டு உட்கார்ந்தார். குடிசைக்காரர்கள் வாசலிலேயே நிற்கட்டும், அதுதான் இங்கே வழக்கம் என்றார் பார்த்தசாரதி. வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்கிறவர் உள்ளே வந்துதான் வைக்க வேண்டும், அதுதான் தன் வழக்கம் என்றார் அதிகாரி.

நாகம்மாள் உள்ளே போனாள். மை தொட்ட விரலோடு தலையை நிமிர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முதுகு முழுக்க ஒரே நீளத் துடுப்பு, முள் முள்ளாக. உடம்பில் மங்கலான பட்டைகள். தடித்த உதடு. தங்க ரேக்கும் கிரீடமும் எத்தனை ஒட்டினாலும், தினம் கூடை கூடையாக ஆய்ந்து தள்ளுகிறவளுக்கு அது தெரியாதா? இத்தனை வருஷமும் மீன் தின்னாதவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். மீன் தெரிந்தவர்கள் வாசலில் நின்று கும்பிட்டார்கள். பின்னே எப்படி வெளிப்படும்?

அவள் வாயைத் திறந்தால் பேத்தியைக் கொடுத்த சாமியைப் பொய்யாக்க வேண்டும். மூடிக்கொண்டால் அதே பேத்தி வெள்ளிக்கிழமை தெருவில். பாழாய்ப்போன பெருமாளே, என்னை ஏன் உள்ளே கூப்பிட்டாய் என்று மனசுக்குள் திட்டினாள். அதிகாரி காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சார், இது ஜிலேபி" என்றாள்.

பார்த்தசாரதி சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை, என்னவென்று கேட்டார்.

"ஜிலேபி மீனு சார். நம்ம ஏரி மீனே இல்ல. நான் பத்து வயசுப் பொண்ணா இருக்கசொல்ல சர்க்கார் லாரில பீப்பா பீப்பாவா குஞ்சு கொண்டாந்து ஏரில வுட்டாங்க. அதுக்கு முன்ன இந்த ஊருல இதை எவனும் பாத்தது கெடையாது. நூறு வருசத்துக்கு முன்ன வரைஞ்சவன் எங்க பாத்தான்?"

மீன் என்றால் மீன், இதில் எந்த மீனாக இருந்தால் என்ன என்றார் பார்த்தசாரதி. குஞ்சை வாயில் வைத்துக்கொள்ளும் மீன் உலகத்திலேயே கிடையாது, அது சாட்சாத் பெருமாளின் லீலை, அப்படி ஒரு மீனைக் கண்ணில் காட்டட்டும், மனுவையே வாபஸ் வாங்குகிறேன் என்று ஒரு வார்த்தையும் விட்டார். மனோகரன் தூத்துக்குடிக்காரர், கடல் மீன்தான் அவருக்குப் பழக்கம். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு ஆவடியில் வேறு விசாரணை. ஒரு மணி நேரம் தருவதாகச் சொன்னார்.

நாகம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏரிக்கு ஓடினாள். அவள் புருஷன் வேம்புலி கரையில் வலையோடு நின்றான். வலையைப் போடாதே என்று கத்தினாள். வலையில் மாட்டினால் பயத்தில் குஞ்சையெல்லாம் துப்பிவிடும், அப்புறம் எதைக் காட்டுவது? இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கூடையை அடியில் மெல்ல நுழைத்தாள். முதல் மீனின் வாய் காலி. இரண்டாவது ஆண், அது குஞ்சு சுமக்காது. மூன்றாவது நழுவிப் போய்விட்டது. மடத்துப் பக்கம் ஜீப் கிளப்பும் சத்தம் கேட்டது. நாலாவதுக்குத் தாடை உப்பியிருந்தது. கூடையைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே அதை அலுமினியக் குண்டானுக்குள் சரித்தாள்.

தளும்பும் குண்டானை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடும்போது, பெருமாளே, துப்பிடாம பாத்துக்கோ என்று வழி நெடுக வேண்டிக்கொண்டே போனாள். எந்தப் பெருமாளிடம் கேட்கிறோம் என்பது மடத்துப் படியேறும்போதுதான் உறைத்தது.

குண்டானை மேஜைமேல் வைத்தாள். மீன் அசையாமல் கிடந்தது, வாய் இறுக மூடி. ஒரு நிமிஷம் போயிற்று. பார்த்தசாரதி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். அதிகாரி கோப்புகளைக் கட்டத் தொடங்கினார்.

"யாரும் ஆடாதீங்க. மெரண்டுகினு கீது" என்றாள் நாகம்மாள்.

மீன் மெல்ல வாயைத் திறந்தது. கடுகு சிந்தினாற்போல் குஞ்சுகள் வெளியே வந்து தண்ணீரில் பரவின. அதிகாரி பார்க்கக் குனிந்தார். அவர் நிழல் தண்ணீரில் விழுந்ததுதான் தாமதம், அத்தனையும் திரும்பி ஒரே பாய்ச்சலாகத் தாயின் வாய்க்குள் புகுந்தன. அதிகாரி நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். குண்டானில் கண்டது அப்படியே படத்தில் இருந்தது, ஒரு வித்தியாசமும் இல்லை.

மீனைக் கையால் தொட்டறியாத பார்த்தசாரதி குண்டானின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனுவை வாபஸ் வாங்குவது பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. மீன்வளத் துறைக்கு எழுதி எந்த வருஷம் குஞ்சு விட்டார்கள் என்று கேட்பதாகவும், பதில் வரும்வரை ஒரு குடிசையைக்கூடத் தொடக் கூடாது என்றும், படம் தன் பொறுப்பில் இருக்கும் என்றும் அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் நின்ற ஜனம் விசிலடித்தது.

பியூன் படத்தைக் கழற்றிச் சாக்கில் சுற்றப் போனான். நாகம்மாள் குறுக்கே போய் நின்றாள். ஈரப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்க் கும்பிட்டாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"நீங்கதானே இது பொய்னு நிரூபிச்சீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

"வருசந்தான் சார் பொய்யி. எம் பேத்தி பொய்யா?"

அவள் கும்பிட்டு முடிக்கட்டும் என்று அதிகாரி பியூனிடம் கையைக் காட்டினார்.